தோலுக்குள் நிற்கும் காவல்காரர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோல் நோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டீர்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி "இது குணமாகுமா?" என்பது அல்ல. "டாக்டரம்மா, இது அடுத்தவங்களுக்குத் தொத்துமா?" என்பதுதான். நோயாளி கேட்காவிட்டால் கூட வந்த மாமியாரோ மதினியோ கேட்பார்கள். அதனால் அந்தக் கேள்வியையே இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். சோரியாசிஸ், கரப்பான், கவரிங் நகையால் வருகிற ஊறல் இவையெல்லாம் தொற்றுவதில்லை. ஏன் தொற்றுவதில்லை என்பதுதான் இந்தப் பேச்சு. காரணம் தெரியாமல் "தொத்தாது" என்று மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இங்கே தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தட்டைத் தனியாக வைப்பார்கள்.

நம் உடம்பிலேயே பரப்பளவில் பெரிய உறுப்புகளில் தோலும் ஒன்று. வெயில், தூசி, சோப்பு, கிருமி எல்லாம் முதலில் மோதுவது அதன் மேல்தான். அதனால் தோலுக்குள் காவலும் பலமாக இருக்கிறது. அந்தக் காவலுக்கு நிற்பவைதான் நோய் எதிர்ப்பு செல்கள். அதில் இரண்டு வகையை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வேவு பார்க்கிற செல். 1868-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் மருத்துவ மாணவராக இருந்தபோதே இதைக் கண்டுபிடித்தார். மேல்தோலில் கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டு நிற்கும் இந்தச் செல்லை அவர் நரம்பின் பகுதி என்று நினைத்தார். அது காவல் செல் என்று தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் அதற்கு லாங்கர்ஹான்ஸ் செல் என்றுதான் பெயர். தோல் வழியாக ஏதாவது புதிதாக உள்ளே வந்தால், அதில் ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருக்கிற நெறிக்கட்டிக்குக் கொண்டுபோகும். காலில் புண் வந்தால் தொடையில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த இடம்தான்.

அங்கேதான் இரண்டாவது வகையான டி செல் இருக்கிறது. வேவு செல் கொண்டுவந்த துணுக்கைப் பார்த்து, "இது எதிரி" என்று டி செல் முடிவு செய்தால், அது பல்கிப் பெருகித் தோலுக்குப் படையெடுத்து வரும். வந்த இடம் சிவக்கும், வீங்கும், சூடாகும், ஊறும். இதைத்தான் அழற்சி என்கிறோம். வேலை முடிந்த பிறகு பெரும்பாலான டி செல்கள் அழிந்துவிடும். சில மட்டும் அழியாமல் நினைவோடு தங்கிவிடும். நம் குழுவின் தீர்மானப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை எழுதிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. அம்மை ஒரு தடவை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராததற்கும், தடுப்பூசி வேலை செய்வதற்கும் இந்த மாதிரி நினைவு செல்கள்தான் காரணம்.

இந்தக் காவல் இல்லாமல் நாம் ஒரு மாசம்கூட நல்லபடியாக இருக்க முடியாது. ஆனால் காவல்காரரும் சில சமயம் ஆளை மாற்றிப் பிடித்துவிடுவார். அப்போதுதான் நான் சொல்ல வந்த நோய்கள் வருகின்றன.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கவரிங் நகையில் இருந்து தொடங்குகிறேன். கவரிங் கம்மல், செயின், சேலைக்குக் குத்துகிற ஊக்கு இவற்றில் நிக்கல் என்ற உலோகம் கலந்திருக்கும். வேர்வை பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் போகும். நிக்கல் கிருமி அல்ல, ஒரு துரும்பு மாதிரிதான். ஆனால் சிலருடைய டி செல் அதை எதிரி என்று எழுதிவைத்துவிடும். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சிமெண்டில் இருக்கிற குரோமேட் இதே மாதிரி. தலைக்குப் போடுகிற டையில் இருக்கிற பி.பி.டி. என்ற சாயப்பொருளும் இதே மாதிரி.

இங்கேதான் எல்லோரும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். "ஏழெட்டு வருஷமா இதே டையைத்தான் போடுதேன், அப்பமெல்லாம் ஒண்ணும் செய்யலையே, இப்பம் மட்டும் எப்படி?" என்பார்கள். நியாயமான கேள்விதான். டி செல்லுக்கு எதிரி என்று தோன்றுவதற்கு முன்னால் ஒரு பொருள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து போகலாம். என்றைக்கு அது புத்தகத்தில் ஏறுகிறதோ, அன்றைக்குப் பிறகு துளி பட்டாலும் போதும். பட்ட உடனே தெரியாது, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தடிக்கும். அதனால்தான் திங்கள்கிழமை டை போட்டவர் புதன்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய்க் கூட்டின் மேல் பழி போடுகிறார். எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப்படுகிற பொருள்களைச் சிறு சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்போம், பிறகு இன்னொரு தடவையும் பார்ப்போம். அது எது என்று தெரிந்து விலகிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

பினாயில், சோப்புத் தூள் தயாரிக்கிற குழுக்கள் இங்கே இருப்பீர்கள். ஓயாமல் பாத்திரம் துலக்குகிற கை, சோப்பில் ஊறுகிற கை, இவற்றில் தோலின் மேல் இருக்கிற எண்ணெய்ப் பசை போய்விடும். சுவர் இடிந்த வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? அப்படித் தோல் வெடித்த கை வழியாகத்தான் அலர்ஜிப் பொருளும் சுலபமாக உள்ளே போகிறது. வேலைக்கு ரப்பர் கையுறை, உள்ளே பருத்திக் கையுறை, வேலை முடிந்ததும் கையை நன்றாகத் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போடுவது என்ற மூன்றையும் உங்கள் உற்பத்திச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் வாங்கக் காசு ஒதுக்குகிற மாதிரிதான் இதுவும்.

அடுத்து சோரியாசிஸ். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பில் சிவந்த தடிப்பும் அதன் மேல் வெள்ளி மாதிரிச் செதிலுமாக இருக்கும். இதில் என்ன நடக்கிறது?

சாதாரணமாக மேல்தோலின் அடி அடுக்கில் பிறக்கிற ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நமக்குத் தெரியாமலேயே உதிர்ந்துகொண்டிருக்கும். சோரியாசிஸில் அதே பயணம் சில நாளில் முடிந்துவிடுகிறது. முற்றாத செல்கள் மேலே குவிந்து செதிலாகின்றன. இது தோல் செல்லின் கோளாறு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1979-இல் சோரியாசிஸும் மூட்டுவலியும் சேர்ந்து இருந்த சிலருக்கு சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டி செல்லை அடக்குகிற மருந்து அது. கொடுத்ததும் தோலில் இருந்த செதிலும் மறைந்தது. தோலை அவசரப்படுத்துவது டி செல் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வலுப்பட்டது.

இப்போது இன்னும் தெளிவாகத் தெரியும். குழு வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் "அணை உடைஞ்சிட்டு" என்று பொய்ச் செய்தி போட்டால் என்ன நடக்கும்? பார்த்தவர் எல்லாம் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள், ஊரே ஓடும், ஓடுகிறவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஓடுவார்கள். தோலிலும் இப்படித்தான். வேவு பார்க்கிற செல்கள் இன்டர்லூக்கின் 23 என்ற செய்தியை அனுப்புகின்றன. அதைக் கேட்ட டி செல்கள் இன்டர்லூக்கின் 17 என்ற செய்தியைத் தோல் செல்லுக்கு அனுப்புகின்றன. தோல் செல் பதறிப்போய்ப் பல்கிப் பெருகுகிறது, பெருகும்போதே இன்னும் காவல் செல்களைக் கூப்பிடுகிறது. அவை வந்து மறுபடி செய்தி அனுப்புகின்றன. அணை உடையவே இல்லை. ஆனால் ஓட்டம் நிற்காது.

இந்தக் கதையில் எங்கேயாவது கிருமி வந்ததா? இல்லை. கிருமி இல்லாத இடத்தில் எதைத் தொற்ற வைக்க முடியும்? அந்தச் செதில் உங்கள் மேல் விழுந்தாலும், ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே சட்டியில் சாப்பிட்டாலும், ஒரே படித்துறையில் குளித்தாலும் உங்களுக்கு வராது. என் உடம்பின் காவல் செல் உங்கள் உடம்பில் வந்து குடியேற முடியாது. குடும்பத்தில் சிலருக்குச் சேர்ந்தாற்போல் வருவது பரம்பரைக் கூறு இருப்பதால், தொட்டுப் பழகியதால் அல்ல. தொண்டைப் புண், மனக்கஷ்டம், தோலில் பட்ட காயம், குடி, புகை, உடல் எடை இவை இருக்கிற நோயைக் கிளப்பிவிடும். கத்தரிக்காயும் கருவாடும் சோரியாசிஸை உண்டாக்குவதில்லை. அதற்குப் பயந்து மீனையும் காய்கறியையும் விட்டுவிட்டு வெறும் ரசம் சோறு தின்று இரத்தச்சோகையோடு வருகிற பெண்களை நான் பார்க்கிறேன். ஒரு குறிப்பிட்ட பண்டம் தின்றால் ஒவ்வொரு தடவையும் ஊறுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

இன்னொன்று. ஒரு தடிப்பு மறைந்த இடத்திலேயே ஆறு மாசம் கழித்து மறுபடி வருகிறதே, ஏன்? நினைவு செல்கள் சில அந்த இடத்துத் தோலிலேயே தங்கிவிடுகின்றன. வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே அவை இருக்கின்றன. அதனால் இது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி அடக்கி வைக்க வேண்டிய நோய். "ஒரே மாசத்தில் வேரோடு போக்குவோம்" என்று விளம்பரம் செய்கிறவரிடம் உங்கள் சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று யாருக்காவது தோன்றலாம். என்னிடம் வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஆற்றங்கரைக் கிராமம், வயது நாற்பதுக்கு மேல். அவருடைய குழு விசேஷ வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்தது. அவருக்குச் சாம்பார் வைப்பதில் நல்ல பெயர். முழங்கையிலும் தலையிலும் செதில் வந்தது. யாரும் திட்டவில்லை. "நீ அடுப்புப் பக்கம் வராண்டாம் மதினி, கணக்கு மட்டும் பாரு" என்றார்கள். பிறகு கணக்கு நோட்டும் வேறு கைக்குப் போனது. பிறகு அவரே கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, சந்தாவை மட்டும் மகளிடம் கொடுத்துவிட்டார். வருகைப் பதிவு குறைந்ததால் கடன் கொடுக்கிற வரிசையில் பெயர் பின்னால் போனது. மூன்று வருஷம். தெரிந்தவர் சொன்ன ஊசியையும் மாத்திரையையும் போட்டார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. பத்து நாளில் பளிச்சென்று ஆனது. காசு இல்லாமல் நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவந்து தோல் உரிந்து, குளிர் நடுக்கத்தோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. தோலில் காவல் குலைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதை அன்றைக்கு அந்த வார்டில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் தேறிய பிறகு அந்தக் குழுவின் ஊக்குநர் என்னைத் தேடி வந்தார். "ஒளிச்சி மறைக்காம சொல்லுங்க, தொத்துமா தொத்தாதா?" என்று கேட்டார். இப்போது உங்களிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன். "அப்பம் நாங்க அவளைத் தள்ளி வச்சதுக்கு ஒரு காரணமும் இல்லையே" என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவரே போய்க் கூட்டிவந்தார். அந்த அக்கா இப்போது சமையலுக்கும் போகிறார். ஆனால் அந்த மூன்று வருஷத்துச் சம்பாத்தியமும் கடன் முறையும் போனது போனதுதான்.

இந்தத் தள்ளி வைத்தலுக்குப் பின்னால் தொழுநோய் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். தொழுநோய்த் தேமல் பொதுவாக ஊறாது, செதில் உதிராது, அந்த இடத்தில் உணர்ச்சி குறையும். அது கிருமியால் வருவது என்பது உண்மை. ஆனால் கூட்டு மருந்து ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து தொடங்கியவரிடம் இருந்து பரவும் என்று பயப்படத் தேவையில்லை. உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காமல் உடனே காட்டுங்கள். ஆகவே எந்த வகையில் பார்த்தாலும் தட்டைத் தனியாக வைக்க வேண்டிய காரணம் இல்லை.

அடுத்து, கடையில் கேட்டு வாங்குகிற கிரீம். இதில் இன்றைக்கு நம் வட்டாரத்தில் பெரிய சேதம் நடக்கிறது. ஸ்டீராய்டு என்பது காவல் செல்லைத் தூங்க வைக்கிற மருந்து. சோரியாசிஸ், கரப்பான் இவற்றில் காவல் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அங்கே மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் போட்டால் நல்ல மருந்து. ஆனால் படர்தாமரை பூஞ்சைக் கிருமியால் வருவது. அங்கே நமக்குக் காவல் வேண்டும். அதே கிரீமை அங்கே போட்டால் காவல்காரர் தூங்கிவிடுவார், ஊறல் அடங்கும், சிவப்பு மறையும், உள்ளே பூஞ்சை தாராளமாகப் பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் தெரியும். முகம் வெளுக்க என்று பூசிக்கொள்கிற பெண்பிள்ளைகளுக்கு முகம் மெலிந்து சிவந்து, பருவும் மீசை முடியும் வருகிறது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. கேட்காமல் இருப்பது நம் கையில்.

சரியான வைத்தியம் என்ன உண்டு? லேசாக இருந்தால் பூச்சு மருந்தும் எண்ணெய்ப் பசையும் போதும். குளித்த ஈரம் காயும் முன்னே எண்ணெய் போட வேண்டும். பரவலாக இருந்தால் குறிப்பிட்ட புறஊதா ஒளி சிகிச்சை உண்டு, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உண்டு. விலை குறைவான, பழைய, நல்ல மாத்திரை. ஆனால் கவனமாகக் கேளுங்கள், சோரியாசிஸுக்கு அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிர் போயிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத ஆச்சி வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர் காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டுக் கொடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களும் சாப்பிடக் கூடாது. ரத்தமும் ஈரலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

டி செல்லையோ அது அனுப்புகிற செய்தியையோ குறிபார்த்துத் தடுக்கிற ஊசிகளும் வந்துவிட்டன. பெங்களூருவில் இருக்கிற பயோகான் நிறுவனம் உருவாக்கிய இட்டோலிசுமாப் ஊசிக்கு 2013-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கிற ஊசிகளும் உண்டு. விலை அதிகம்தான். காவலை அடக்குகிற மருந்து என்பதால் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே போடுவார்கள்.

நம் பாளையங்கோட்டையிலேயே 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்து எடுக்கிற ஊதா நிறத் தைலம் உங்களில் பலருக்குத் தெரியும். சித்த வைத்தியம் பார்ப்பதென்றால் அங்கே போய் முறையாகப் படித்தவர்களிடம் பாருங்கள், பெயர் எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் வைத்தியம் பார்த்தால் இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். சாப்பிடுகிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் இருந்து வந்த பீடி சுற்றுகிற அக்காமாருக்கும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. சோரியாசிஸ் இருக்கிற சிலருக்கு அதே காவல் செல்கள் மூட்டையும் தாக்கும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழி இருந்தால், வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் பார்த்தால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். உங்களுக்கு விரல்தான் முதலீடு.

முடிவாகக் கூட்டமைப்பிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, தோல் நோயைக் காரணம் காட்டி எந்த உறுப்பினரையும் கூட்டத்தில் இருந்தோ தொழிலில் இருந்தோ விலக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். இரண்டு, சிகிச்சைக்காக வர முடியாத நாளை வராத நாளாகக் கணக்கில் வைக்காதீர்கள், கடன் முறை பாதிக்காமல் பாருங்கள். மூன்று, உங்கள் உள்கடனில் மருத்துவமனைக்குப் போய்வருகிற பஸ் செலவுக்குச் சிறு தொகை ஒதுக்குங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தாலும், மலையடிவாரத்தில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டு வருவதுதான் பலருக்குக் கஷ்டம்.

2014-இல் உலக சுகாதார சபை சோரியாசிஸைப் பற்றித் தனித் தீர்மானமே போட்டு, நோயாளிகளை ஒதுக்குவதை நிறுத்தச் சொல்லி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. ஜெனீவாவில் போட்ட தீர்மானம் நம் ஊர்க் குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் ஏறினால்தான் அதற்கு மதிப்பு. டி செல் எழுதியதை நம்மால் அழிக்க முடியாது. நாம் எழுதுவதை நாம்தான் எழுத வேண்டும்.

வெளியே பந்தலில் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். காட்ட வேண்டியதைக் கூச்சப்படாமல் காட்டுங்கள்.